இரண்டு குறள்களும் ஒரு பிடி எருவும்

தோட்டப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், தெமியாங்

பொருட்பாலின் 104ஆம் அதிகாரமாகிய ‘உழவு’, தமிழ் மேடைகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் அதிகாரங்களுள் ஒன்று. பொங்கல் விழா வந்துவிட்டால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. ஆயினும் மேடையில் பேசுவோர் பெரும்பாலும் முதல் ஆறு குறள்களோடு நின்றுவிடுகின்றனர். அவ்வாறும் உழவின் சிறப்பை உரைப்பன. கேட்போர் கைதட்டுவதற்கு ஏற்றவை. எஞ்சிய நான்கு குறள்களும் உழவைப் புகழ்வன அல்ல. நிலத்தில் இறங்கி என்ன செய்யவேண்டும் என்பதைக் கூறுவன. அவற்றை மேடை மறந்தது, வகுப்பறையும் மறந்தது. பொருளை மனப்பாடம் செய்து தேர்வுத்தாளில் எழுதுவதோடு நம் மாணவர்க்கு அவற்றின் தொடர்பு முடிந்துவிடுகிறது.

மறக்கப்பட்ட அந்நான்கனுள் முதல் இரண்டையும் ஈண்டு ஆராய எடுத்துக்கொள்கிறேன். அவை 1037, 1038 என்னும் எண்ணுடையன. குறளை ஆசிரியப் பெருமக்கள் அறிவர். ஆதலின் கருத்தை மட்டும் சுட்டுகிறேன். ஒரு பலம் புழுதி கால் பலம் ஆகும்படி உழுது காயவிட்டால், ஒரு பிடி எருவும் போடாமலே பயிர் செழித்து விளையும் என்பது முன்னது. ஏர் உழுதலினும் எருவிடுதல் நன்று. களை நீக்கியபின் நீர் பாய்ச்சுதலினும் பயிரைக் காத்தல் நன்று என்பது பின்னது.

முரண் உண்டா?

அடுத்தடுத்து நிற்கும் இவ்விரு குறள்களையும் ஒருங்கே படிப்பவர்க்கு ஓர் ஐயம் எழாமல் இராது. முன்னது உழவே போதும், எரு வேண்டா என்கிறது. பின்னது உழவைக் காட்டிலும் எருவே மேல் என்கிறது. ஒரே புலவர், ஒரே அதிகாரத்தில், அடுத்த மூச்சில் தம் கூற்றைத் தாமே மறுப்பாரா?

பரிமேலழகர் இவ்விடர்ப்பாட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உழுதல், எருவிடுதல், களை எடுத்தல், நீர் பாய்ச்சுதல், காத்தல் ஆகிய ஐந்தும் வேண்டும் என்று தொகுத்து மேலே செல்கிறார். அத்தொகுப்பு சரியே. ஆனால் எரு வேண்டா என்று சொன்ன வாய், எருவே மேல் என்று ஏன் சொல்கிறது என்னும் வினாவுக்கு அதில் விடை இல்லை. இக்கால உரையாசிரியர் பலரும் ஒவ்வொரு குறளுக்கும் தனித்தனியே பொழிப்புரை எழுதுவதால், இரண்டுக்கும் இடையே உள்ள வெளியை அவர்கள் எட்டிப் பார்ப்பதில்லை.

இலக்கணம் ஓரளவுக்குத் துணைசெய்கிறது. முன்னைய குறளில் வரும் ‘உணக்கின்’ என்பது நிபந்தனைப் பொருள் தரும் வினையெச்சம். காயவைத்தால் என்பது அதன் பொருள். பின்னைய குறளில் அத்தகைய நிபந்தனை இல்லை. ஆகவே முன்னது ஒரு தனி நிலைமைக்கு உரிய விதி. பின்னது பொதுவிதி என்று கூறலாம். இது மாணவர்க்குச் சொல்லத்தக்க விடை; ஆனால் முழு விடை அன்று. காயவைத்தால் மட்டும் எரு ஏன் வேண்டுவதில்லை? இவ்வினாவுக்கு இலக்கண நூலில் விடை இல்லை. மண்ணிடம் சென்றுதான் கேட்கவேண்டும்.

எடைக் கணக்கு

முதலில் பலக் கணக்கைப் பார்ப்போம். ஒரு பலம் கால் பலம் ஆதல் என்றால், நான்கு பங்கில் மூன்று பங்கு எடை குறையவேண்டும். நன்றாக நீர் பிடித்த தோட்ட மண்ணில் எடைக்கு நான்கில் ஒரு பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான் நீர் இருக்கும். முழுதும் உலர்ந்தாலும் ஒரு பலம் முக்கால் பலம் அளவுக்கு இறங்குமே அன்றிக் கால் பலம் ஆகாது. சதுப்பு நிலத்துக் கரிமண் ஒன்றுதான் அவ்வளவு நீரைச் சுமக்கும். ஐயமுடையோர் பள்ளித் தராசில் ஒரு பிடி ஈரமண்ணை வைத்து, வெயிலில் உலர்த்தி, மீண்டும் நிறுத்துப் பார்க்கலாம்.

அங்ஙனமாயின் வள்ளுவர் தவறினாரா? அப்படி முடிவு கட்ட வேண்டுவதில்லை. ‘ஒன்றுக்குப் பாதியாய் இளைத்துவிட்டான்’ என்று நாம் சொல்லும்போது எவரும் தராசைத் தேடுவதில்லை. உழவர் வாயில் வழங்கும் கணக்கு பெரும்பாலும் இத்தகையதே. நன்கு உலர்த்துக, குறையாக விடாதே என்பதை நெஞ்சில் பதிக்கும் பொருட்டு அளவு மிகுத்துச் சொல்லப்பட்டது எனக் கொள்வதே பொருந்தும். குறளில் உள்ள எண் ஒவ்வொன்றும் விஞ்ஞான அளவை என்று வாதிடுவோர் வள்ளுவருக்கு நன்மை செய்வதில்லை. எளிய தராசு ஒன்று அவ்வாதத்தைக் கவிழ்த்துவிடும்.

இருப்பும் செலவும்

எண் மிகையாயினும் அதன் உள்ளே இருக்கும் உண்மை மிகையன்று. எச். எப். பர்ச் என்பவர் கென்யாவில் மண்ணை ஆராய்ந்தவர். அவர் 1958இல் வெளியிட்ட கட்டுரை மண்ணியலார் நன்கு அறிந்த ஒன்று. மண்ணை நன்கு உலர்த்திப் பின் நனைத்தால், அதிலுள்ள மட்கு விரைந்து சிதைந்து, பயிர் எடுத்துக்கொள்ளத்தக்க தழைச்சத்து சிறிது காலத்துக்கு மிகுதியாக வெளிப்படுகிறது என்று அவர் காட்டினார். உலர்த்தலால் மடிந்த நுண்ணுயிர்களும், நீர் பட்டவுடன் கிளர்ந்தெழும் நுண்ணுயிர்களும் இதற்குக் காரணம். கோடையில் உழுது புழுதியாக்கி, முதல் மழையில் விதைத்த தமிழ்நாட்டு உழவன் எரு போடாமலே பயிர் கருத்து வளர்வதைக் கண்டிருப்பான். அவன் கண்டதே 1037ஆம் குறளில் பதிவாகி நிற்கிறது என்பது என் துணிபு.

ஆயின், அச்சத்து வானத்திலிருந்து வந்ததன்று. மண்ணில் முன்னமே இருந்த மட்கிலிருந்து வந்தது. சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் எடுப்பதை ஒத்தது அது. எடுத்த ஆண்டில் கை நிறைவாக இருக்கும். ஆண்டுதோறும் எடுத்துக்கொண்டே இருந்து, ஒரு காசும் திரும்பப் போடாவிட்டால் கணக்கு வெறுமையாகிவிடும். உழவு இருப்பை வெளிக்கொணர்கிறது. எரு இருப்பைக் கூட்டுகிறது. இதனை உணர்ந்தால் அடுத்த குறள் ஏன் உடனே வருகிறது என்பது விளங்கும். முதற் குறளைக் கேட்டவன், ‘இனி எருவே வேண்டா’ என்று எழுந்து போய்விடக் கூடாது. அவனைக் கையைப் பிடித்து நிறுத்துவது 1038. முன்னது அவ்வாண்டு விளைவைப் பற்றியது. பின்னது நிலத்தின் வாழ்நாளைப் பற்றியது. இப்படிக் கொண்டால் முரண் நீங்குகிறது. இரண்டு குறள்களும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

முதற் குறளோடு நின்றுவிட்டவர் ஒருவரை மேல்நாட்டிலும் காணலாம். செத்ரோ டல் என்னும் ஆங்கிலேயர் 1733இல் வெளியிட்ட உழவு நூலில், மண்ணை நுண்ணிய பொடியாக்குவதே பயிருக்கு உணவு. சாண எரு வேண்டுவதில்லை என்று வாதிட்டார். விதை விதைக்கும் கருவியையும் குதிரை பூட்டிய களைக் கருவியையும் பரப்பிய பெருமை அவருக்கு உண்டு. ஆனால் எருவைப் பற்றிய அவர் கொள்கையைப் பின்வந்த அறிவியல் ஏற்கவில்லை. அவர் கண்ட விளைச்சல் பொய்யன்று. அதற்கு அவர் கூறிய காரணமே பிழைபட்டது. அவருக்கு 1038 போன்ற ஓர் அடுத்த குறள் கிடைக்கவில்லை.

நிலத்துக்கு ஏற்ற அறிவு

இனி, நம் நாட்டுக்கு வருவோம். கோடையும் மழையும் தெளிவாகப் பிரிந்து வரும் நிலத்தில் பிறந்தது 1037. நெகிரி செம்பிலானின் குன்றுச் சரிவுகளில், ஆண்டு முழுவதும் மழை பெய்யும் இடத்தில், மண்ணைக் கிளறி வெறுமையாக விட்டால் என்ன ஆகும்? புழுதியாகக் காய்வதற்கு முன் அது ஆற்றில் கலந்துவிடும். இதை மலாயா நாடு பெரும்பொருள் கொடுத்துக் கற்றுக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்களில் ஒரு புல்லும் இல்லாமல் செதுக்கி வைப்பதே நல்ல நிர்வாகத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. மண்வெட்டி பிடித்துச் செதுக்கியவர்கள் நம் முன்னோர். சரிவுகளில் மேல்மண் அரித்துச் சென்றது. பின்னரே வரப்புகளும், மண் பிடிக்கும் குழிகளும், நிலத்தை மூடும் கொடிகளும் வந்தன.

அக்காலத்தில் சிறு தோட்டக்காரர்களின் ரப்பர் நிலங்கள் புதர் மண்டிக் கிடப்பதாகப் பழிக்கப்பட்டன. ஆனால் 1925இல் அமைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், டபிள்யூ. பி. ஹெயின்ஸ் எழுதிய ஒரு கையேட்டை 1934இல் வெளியிட்டது. தானாக முளைக்கும் கீழ்ச்செடிகளைத் தோட்டத்தில் எவ்வாறு கட்டுப்படுத்திப் பயன்கொள்வது என்பதே அதன் பொருள். முன்பு சோம்பல் என்று இகழப்பட்டது பின்பு ஆராய்ச்சிக்குரிய பொருளாயிற்று. பியூராரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசிமா போன்ற பயறினக் கொடிகள் மரங்களுக்கிடையே படர விடப்பட்டன. இன்று செம்பனைத் தோட்டங்களில் அடர்ந்து படர்ந்திருக்கும் கொடி நம் ஊர்ப் பூனைக்காலியின் உறவு. வடகிழக்கு இந்தியாவில் காட்டுக்கொடியாக இருந்த அது, கேரள ரப்பர்த் தோட்டங்களில் பயன்பட்டு, 1990களில் இந்நாட்டுக்கு வந்தது.

பயறு விதைத்த நிலம் அடுத்த பயிருக்கு நல்லது என்று உழவர் கண்டது மிகப் பழங்காலத்தில். அதன் வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது என்று செருமானிய அறிஞர் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் மெய்ப்பித்தது 1880களில். காரணம் அறியாமலே காரியம் அறிந்திருந்தான் உழவன். காரணம் தெரிந்தபின் அக்காரியத்தை வேறொரு நிலத்துக்கு ஏற்ப மாற்றவும் முடிந்தது. பட்டறிவும் நூலறிவும் இவ்வாறு கைகோக்க வேண்டுமே அன்றி, ஒன்று மற்றொன்றைப் பழித்தல் ஆகாது.

எனவே 1037ஐ எந்நிலத்துக்கும் உரிய கட்டளையாக ஓதுவது தவறு. அது ஒரு நிலத்து உழவர் ஆராய்ந்து கண்ட முடிபு. நாம் அவர்களிடமிருந்து கொள்ளவேண்டுவது முடிபை மட்டும் அன்று. முடிபுக்கு வந்த வழியையும் கொள்ளவேண்டும்.

யாருடைய அறிவு?

இங்கே இலக்கியத் திறனாய்வாளர் கேட்க வேண்டிய மற்றொரு வினா உள்ளது. 1039ஆம் குறள் நிலத்துக்கு உரியவனைப் பற்றியது. அவன் நாள்தோறும் சென்று பாராவிட்டால் நிலம் மனைவியைப் போல ஊடும் என்கிறது. அழகிய உவமை. ஆயினும் நிலத்தைச் சென்று பார்த்தவன் எப்போதும் நிலத்துக்கு உரியவனாகவா இருந்தான்? பள்ளு நூல்களைப் படித்துப் பாருங்கள். நெல்வகைகளையும் மாட்டுவகைகளையும் அறிந்தவன் பள்ளன். எருவுக்காக ஆட்டுக்கிடை அமர்த்தும் வேலையும் அவன் பொறுப்பே. நிலமோ பண்ணைக்காரனுடையது. கிடையில் குறை நேர்ந்தால் அடியும் தொழுமரமும் பள்ளனுக்கு. அறிவு ஒருவனிடமும் உரிமை வேறொருவனிடமும் இருந்த நிலையைப் பள்ளு நகைச்சுவையோடு காட்டுகிறது. அந்நகைச்சுவையின் அடியில் இருக்கும் துயரை நாம் பாடம் நடத்தும்போது தொடுவதில்லை.

தோட்டத்துப் பாட்டாளியின் நிலையும் அத்தகையதே. எந்தச் சரிவில் மண் நிற்கும், எந்தப் பள்ளத்தில் நீர் தேங்கும், லாலான் புல் எங்கே மீண்டும் தலைதூக்கும் என்பன நிரையில் நடந்தவனுக்குத் தெரியும். லயத்தின் பின்புறத்துக் காய்கறிப் பாத்தியில் சாணமும் சாம்பலும் இட்டுக் கீரை வளர்த்தவளுக்கும் தெரியும். அதனை ஆராய்ச்சி என்று எவரும் பெயரிடவில்லை. கேட்டு எழுதிக்கொள்ளவும் இல்லை. இன்று பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்பு நிலங்களாகிவிட்டன. அவ்வறிவை உடையவர்கள் முதியோராயினர். எழுதப்படாத நூலகம் ஒன்று நம் கண்முன்னே மூடப்படுகிறது.

உழவனை ஆசானாக ஏற்றவர்கள் இல்லாமற் போகவில்லை. ஆல்பர்ட் ஹோவார்டு 1905இல் இந்தியாவுக்கு அரசாங்கப் பயிரியலாராக வந்தவர். இந்திய உழவரையும் பயிர்ப்பூச்சிகளையும் தம் பேராசிரியர்களாகக் கொண்டதாக அவர் எழுதியுள்ளார். இந்தோரில் 1924 முதல் 1931 வரை ஆராய்ந்து, குப்பை, சாணம், கோமியம் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கிக் கிளறிவிட்டு மூன்று திங்களில் மட்க வைக்கும் முறையை வகுத்தார். எசுவந்த் வாட் என்பவரோடு சேர்ந்து எழுதிய நூலில் 1931இல் அதனை வெளியிட்டார்.

தமிழ்நாட்டில் கோ. நம்மாழ்வார் 1963இல் கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் பணிக்குச் சேர்ந்தார். மழையை நம்பி வாழும் ஏழை உழவனுக்கு எட்டாத இடுபொருள்களை வைத்து நடக்கும் ஆராய்ச்சி அவனுக்குப் பயன்படாது என்று கண்டு, 1969இல் அப்பணியை விட்டார். 2013இல் மறையும்வரை ஊர் ஊராகச் சென்று உழவரோடு பேசினார்.

ஆசிரியர்களாகிய நாம் சிறப்பாக அறியவேண்டியவர் மகாராட்டிரத்துச் சிறீபாத் தபோல்கர். கணிதம் கற்பித்த ஆசிரியர் அவர். 1960களில் ‘பிரயோகப் பரிவார்’, அதாவது ‘சோதனைக் குடும்பம்’, என்னும் பெயரில் உழவர்களை ஒன்றுகூட்டினார். திராட்சை பயிரிடுவோர் தத்தம் தோட்டத்தில் சோதித்து, கண்டதைத் தமக்குள் பகிர்ந்துகொண்டனர். தானியம், பயறு, எண்ணெய்வித்து, பசுந்தாள் விதைகளைக் கலந்து விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுது மண்ணை வளப்படுத்தும் முறை, இன்று தமிழ்நாட்டு இயற்கை உழவரிடையே அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படுகிறது. பசுந்தாள் உரத்துக்குத் தமிழ்நாட்டு உழவர் முன்னமே சணப்பையும் தக்கைப்பூண்டையும் கொழிஞ்சியையும் அறிந்தவர்கள்; புதிய முறை பழைய அறிவின் மேல் எளிதில் ஒட்டிக்கொண்டது.

ஆராய்ச்சியும் ஆணையும்

உழவர் ஆராய்ச்சியைப் போற்றுவோரிடத்தும் குறை உண்டு. ஒரு கரைசலைத் தெளித்தேன், பயிர் செழித்தது என்பதோடு சிலர் நின்றுவிடுகின்றனர். தெளிக்காத பாத்தி எங்கே என்று கேட்டால் விடை இல்லை. அவ்வாண்டு மழை நன்றாகப் பெய்திருக்கலாம்; முன்னைய பயிரின் எரு மிஞ்சியிருக்கலாம். பக்கத்தில் ஒப்பீட்டுப் பாத்தி ஒன்று இல்லாத சோதனை, சாட்சியில்லாத வழக்குப் போன்றது. வினா உழவனுடையதாதல், பொருள் ஊரில் கிடைப்பதாதல், ஒப்பிட்டுப் பார்த்தல், கண்டதை அண்டை நிலத்தாரும் சோதிக்கும்படி வெளிப்படச் சொல்லல் ஆகிய நான்கும் அமைந்தாலன்றி அதனை ஆராய்ச்சி என்பது பொருந்தாது.

இயற்கையின் பெயரால் மேலிருந்து ஆணை பிறப்பித்தால் என்ன நேரும் என்பதற்கு இலங்கை சான்று. அங்கே 2021ஆம் ஆண்டு ஏப்ரல், மே திங்களில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. நாடெங்கும் போதிய மட்குரம் ஆயத்தமாக இல்லை. உழவர் தம் நிலத்தில் சோதித்துப் பார்க்கக் காலமும் கிடைக்கவில்லை. நெல் விளைச்சல் வீழ்ந்தது, தேயிலையும் பாதிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் தடை விலக்கப்பட்டது. முன்பு புல்லைச் செதுக்கு என்று ஆணையிட்டவர்களும், பின்பு உரத்தை நிறுத்து என்று ஆணையிட்டவர்களும் கொள்கையில் எதிரெதிரானவர்கள். நிலத்தில் நிற்பவனைக் கேளாமையில் இருவரும் ஒன்றே.

வகுப்பறைக்குச் சில சொற்கள்

இவ்விரு குறள்களையும் கற்பிக்கும் ஆசிரியர் அன்பர்கள் இரண்டையும் ஒன்றாகவே கற்பிக்க வேண்டுகிறேன். முதலில் முரண்போல் தோன்றுவதை மாணவரே கண்டு கேட்கட்டும். ‘வள்ளுவரிடம் முரண் இருக்குமா?’ என்று வாயடைக்க வேண்டா. கேள்வி கேட்கும் மாணவன் நூலை அவமதிப்பதில்லை. பெரும்பாலோர் படிக்காத அளவுக்கு அதனை ஊன்றிப் படிக்கிறான்.

பிறகு அவர்களைப் பள்ளித் தோட்டத்துக்கு அழைத்துச் செல்லலாம். ஒரே அளவான இரண்டு பாத்திகளை அமைத்து, ஒன்றை வெறுமையாகவும் மற்றொன்றைச் சருகும் பயற்றங்கொடியும் மூடும்படியும் விடலாம். மழை பெய்தபின் எதிலிருந்து வழியும் நீர் கலங்கலாக இருக்கிறது என்று பார்க்கலாம். சில திங்கள் கழித்து இரண்டிலிருந்தும் ஒவ்வொரு மண்கட்டியை எடுத்து உலர்த்தி, இரண்டு கண்ணாடிக் குவளை நீரில் மெல்ல இடலாம். மட்கு குறைந்த மண் கரைந்து சேறாகும். மட்கு மிகுந்த மண் நெடுநேரம் கட்டியாகவே நிற்கும். ஒன்றுக்கும் உதவாததை நாம் ‘மண்ணாங்கட்டி’ என்று ஏசுகிறோம். அச்சொல்லைப் பற்றியும் மாணவர் அன்று சிறிது எண்ணிப் பார்ப்பர். ஒவ்வொரு மண்வெட்டி மண்ணிலும் எத்தனை மண்புழு என்று எண்ணி, நாள் குறித்து, ஏட்டில் எழுதி வைக்கலாம். முடிவு நாம் எதிர்பார்த்தபடி வராவிட்டாலும் உள்ளபடியே எழுதும் பழக்கம் அவர்களுக்கு வரவேண்டும்.

கூடவே இன்னொரு பணியும் தரலாம். வீட்டில் தோட்டவேலை செய்த பாட்டனோ பாட்டியோ இருந்தால், அவர்கள் எந்தப் புல்லை எதற்கு விட்டுவைத்தார்கள், எந்த எருவை எந்தச் செடிக்கு இட்டார்கள், சரிவில் மண்ணை எப்படி நிறுத்தினார்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதி வரச் செய்யலாம். அவ்வேடுகள் பள்ளி நூலகத்தில், பரிமேலழகர் உரைக்குப் பக்கத்து அடுக்கில் வைக்கத் தக்கவை.